நாற்பத்துமூன்றுக்கு நாற்பத்திரண்டு

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் ஒரு கரும்பு லோடு எவ்வளவு காட்டினாலும் அந்த வருஷத்துக் கணக்கு அதோடு முடிவதில்லை. அரவை தொடங்கிய நாளிலிருந்து ஆலை நிற்கும் நாள்வரை ஏறி இறங்கிய மொத்த டன்தான் பேசும். கால்பந்தில் லீக் என்பதும் இந்தக் கணக்குத்தான். நாக் அவுட் போட்டியில் ஒரு நல்ல மாலைப்பொழுதும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தால் சின்ன அணி பெரிய அணியைச் சாய்த்துக் கோப்பையைத் தூக்கிவிடலாம். லீக்கில் அது நடக்காது. எல்லா அணியோடும் இரண்டு முறை, சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என்று ஆடியாக வேண்டும். வென்றால் 3 புள்ளி, சமன் செய்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. ஐந்து மாதம் கழித்துக் கூட்டிப் பார்ப்பார்கள்.

2018 அக்டோபர் 26 முதல் 2019 மார்ச் 9 வரை அப்படி நடந்த ஐ-லீக் போட்டியைக் கூட்டிப் பார்த்தபோது முதலிடத்தில் இருந்தது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் அல்ல, மோகன் பாகானும் அல்ல. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 20 ஆட்டங்களில் 43 புள்ளி. இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்றுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையைக்கூடத் தமிழ்நாடு வென்றதில்லை. 2012-ல் இறுதி ஆட்டம்வரை போய் சர்வீசஸிடம் 2–3 என்று தோற்றுத் திரும்பியது. இந்தப் பின்னணியில் பார்த்தால் அந்த ஒற்றைப் புள்ளியின் கனம் தெரியும்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். சென்னை அணி என்றால் சென்னையின் எஃப்.சி. தானே, தோனியும் அபிஷேக் பச்சனும் பங்குதாரர்களாக இருந்த அணி? இல்லை. அது வேறு, இது வேறு. அந்த நாளில் இந்தியாவில் இரண்டு தேசிய லீக்குகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 1996-ல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக், 2007-ல் ஐ-லீக் என்று பெயர் மாறி வந்த பழைய வழி ஒன்று. 2014-ல் பெரும் பணத்தோடும் நட்சத்திரங்களோடும் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் இன்னொன்று. இதில் சேரும் அணிகள் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் உரிமக் கட்டணமாகவே கட்டின. சென்னையின் எஃப்.சி. இந்த இரண்டாவது லீக்கில் 2015-லும் 2017–18-லும் பட்டம் வென்றிருந்தது. சென்னை நேரு விளையாட்டரங்கம் அவர்களுடைய களம்.

ஆகவே சென்னை சிட்டி பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்துக்குப் போனது. ஊர் பெயர் ஒன்று, ஆடும் ஊர் ஒன்று. கோவைக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் ஊரில் ஆடுகிற அணி தங்கள் அணி என்று வந்து உட்கார்ந்தார்கள்.

எந்த லீக் பெரியது என்ற சண்டைக்கு அந்தப் பருவத்தில் ஒரு தெளிவான விடை இருந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கணக்கில் ஐ-லீக் சாம்பியனுக்குத்தான் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று. சூப்பர் லீக் சாம்பியனுக்கு அதற்கு அடுத்த படியான ஏ.எஃப்.சி. கோப்பை. தொலைக்காட்சி வெளிச்சம் ஒரு பக்கம், ஆசிய அங்கீகாரம் இன்னொரு பக்கம். வேடிக்கை என்னவென்றால், சென்னை சிட்டி முதலிடம் பிடித்த அதே பருவத்தில் நடப்புச் சாம்பியனான சென்னையின் எஃப்.சி. சூப்பர் லீக்கில் 18 ஆட்டங்களில் 9 புள்ளி மட்டுமே எடுத்துக் கடைசி இடத்தில் நின்றது.

சென்னை சிட்டிக்கு முன்பு தேசிய லீக்கில் தமிழ்நாட்டின் பெயரைச் சொன்னது இந்தியன் வங்கி அணி. அலுவலக வேலை கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் பழைய முறையில் வளர்ந்த அணி அது. 1996–97-ன் முதல் தேசிய லீக்கிலேயே ஆடியிருக்கிறது. வங்கி அணிகளின் காலம் தேய்ந்தபின், ஐ-லீக் என்ற பெயர் வந்த 2007 முதல் பத்து வருஷம் தமிழ்நாட்டிலிருந்து அந்த லீக்கில் யாருமே இல்லை. ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் கேரளத்துக்கும் போய் ஆடினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு ஆடிய சைமன் சுந்தரராஜ் தமிழ்நாட்டுக்காரர் என்பது இங்கே பலருக்கும் தெரியாது.

2016–17 பருவத்துக்கு உரிமையாளர் ரோஹித் ரமேஷின் சென்னை சிட்டிக்கு ஐ-லீக்கில் நேரடி அனுமதி கிடைத்தது. முதல் இரண்டு பருவமும் பட்டியலின் கீழ்ப் பாதியில்தான் கழிந்தன. அந்தக் காலத்தில் அணியைத் தாங்கியவர்களில் ஒருவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை என்ற மீனவக் கிராமத்துப் பையன். அந்தக் கடற்கரையில் மாலையானால் மணலில் பந்து ஆடாத பிள்ளைகள் குறைவு. 2017–18-ல் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் அணி அழைத்துக்கொண்டது. 2019 ஜூனில் இந்திய அணிக்கும் ஆடினார். சென்னை சிட்டி பட்டம் வென்றபோது அவர் அங்கே இல்லை. சின்னக் கழகங்களின் விதி இப்படித்தான்: ஆளை உருவாக்கு, அடுத்தவனுக்குக் கொடு, மறுபடி முதலிலிருந்து தொடங்கு.

2018-ல் மறுபடி தொடங்கும் பொறுப்பு சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் கைக்கு வந்தது. அவருக்குக் கிடைத்த கலவை விசித்திரமானது. ஒரு பக்கம் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள்: நடுக்களத்தில் சாண்ட்ரோ ரொட்ரிகஸ், அவருக்கு முன்னால் நெஸ்டர் கோர்டில்லோ, தடுப்பில் ரொபெர்டோ எஸ்லாவா, கோல் அடிக்க பெட்ரோ மான்சி. மான்சி உருகுவேயில் பிறந்து ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுக் கழகங்களில் ஆடி வந்தவர். இவர்களில் யாரும் ஊர் அறிந்த பெயர் இல்லை. இன்னொரு பக்கம் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், பிரவிட்டோ ராஜு என்று உள்ளூர் லீக்குகளிலும் கல்லூரி மைதானங்களிலும் தேறியவர்கள். பெரிய ஆட்டக்காரர்களை வாங்கப் பணம் இல்லாத அணி, பந்தைக் காலில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தது என்று சொல்லலாம்.

அன்றைய ஐ-லீக்கில் பெரும்பாலான அணிகள் பந்தை உயரத் தூக்கி முன்னால் அடித்துவிட்டுப் பின்னால் ஓடும் ஆட்டத்தையே நம்பியிருந்தன. மோசமான மைதானம், நீண்ட பயணம், களைத்த கால்கள் என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. சென்னை சிட்டி தரையோடு பந்தைக் கடத்தி ஆடியது. கோர்டில்லோவும் சாண்ட்ரோவும் குறுகிய தூரத்தில் பந்தை மாற்றி மாற்றி எதிரணியை இழுப்பார்கள். இழுபட்ட இடத்தில் திறக்கும் வழியில் ரொமாரியோ போன்ற வேகக்காரர்கள் ஓரமாகப் புகுவார்கள். நடுவில் மான்சி நிற்பார். கேட்கச் சுலபம். ஐந்து மாதம் விடாமல் செய்வதுதான் கடினம்.

முதல் ஆட்டத்திலேயே கோவையில் இந்தியன் ஏரோஸ் அணியை 4–1 என்று வென்றார்கள். மான்சிக்கு ஹாட்ரிக். ஏரோஸ் என்பது கால்பந்துச் சம்மேளனமே நடத்திய இளையோர் அணி என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பர் 13-ல் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கத்தில் ஈஸ்ட் பெங்காலை 2–1 என்று வென்றபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. ஜனவரி 14, பொங்கல் நேரம், கோவையிலும் அதே ஈஸ்ட் பெங்கால், அதே 2–1. இந்த இரண்டு ஆட்டத்தையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்ச்சில் இவற்றுக்கு வேலை வரப்போகிறது.

பருவம் முடிந்தபோது அணி அடித்த கோல் 48. அதில் 21 மான்சியுடையது. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் 21 அடித்திருந்தார். வாங்கிய கோல் 28 என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். பட்டம் வெல்லும் அணிக்கு இது கொஞ்சம் அதிகம். கதவைப் பூட்டிக்கொண்டு 1–0 என்று ஜெயிக்கும் புத்திசாலித்தனம் அவர்களிடம் இருந்ததில்லை. இரண்டு வாங்கினால் மூன்று அடிப்பது என்பதே வழி. காசு கொடுத்துப் பார்க்க வந்தவனுக்கு அது நல்லது, பயிற்சியாளரின் இரத்த அழுத்தத்துக்கு அல்ல.

அந்த லீக்கின் வரைபடத்தையும் பார்க்க வேண்டும். 11 அணிகள். கோவையிலிருந்து கிளம்பி ஐசால், இம்பால், ஷில்லாங், ஸ்ரீநகர், புவனேஸ்வர், கோவா, கோழிக்கோடு, பஞ்சாப் பக்கம், கொல்கத்தாவுக்கு இரண்டு முறை. அணிகளில் பாதிக்கு மேல் கால்பந்தைத் தவிர வேறு எதற்காகவும் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துக்கு வராத ஊர்களுடையவை. அந்தப் பருவத்தில் புதிதாக வந்த ரியல் காஷ்மீர், ஸ்ரீநகரின் செயற்கைப் புல் மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்டு ஐ-லீக்கில் ஆடிய முதல் காஷ்மீர் அணி. ஸ்காட்லாந்துப் பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சனின் கீழ் முதல் முயற்சியிலேயே மூன்றாம் இடம் பிடித்தது. பிப்ரவரி 14-ல் புல்வாமா தாக்குதல் நடந்தபின் மினர்வா பஞ்சாப் ஸ்ரீநகருக்குப் போக மறுத்தது. ஈஸ்ட் பெங்கால் அங்கே ஆட வேண்டிய ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டு, 28-ம் தேதி ஈஸ்ட் பெங்கால் 2–1 என்று வென்றது. பனிக்குளிரும் ஸ்ரீநகர்க் கூட்டமும் இல்லாத டெல்லியில் கிடைத்த அந்த 3 புள்ளி பட்டப் போட்டியை உயிரோடு வைத்திருந்தது. லீக் என்பது நாட்டு நடப்புக்கு வெளியே நடப்பது இல்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பருவத்தின் நடுவில், மீதமிருந்த ஆட்டங்களில் ஏறக்குறைய பாதியை மட்டுமே தொலைக்காட்சியில் காட்டுவோம் என்று ஒளிபரப்பாளர் சொல்லிவிட்டார். கழகங்கள் கொதித்தன. விளம்பரதாரரிடம் எதைக் காட்டிப் பணம் கேட்பது? முதலிடத்தில் இருக்கும் அணியின் ஆட்டமே வீட்டில் தெரியாத லீக்கை யார் நம்புவார்? இதற்கு நடுவே ஒரு நல்ல சேதி வந்தது. ராகிடிச், ஷாக்கா, ஷாகிரி ஆகியோரை வளர்த்த சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல், சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது.

மார்ச் பிறந்தபோது சென்னை சிட்டிக்கு 40 புள்ளி. சர்ச்சில் பிரதர்ஸை வென்றால் கதை முடிந்தது, யாராலும் எட்ட முடியாது. 2–3 என்று தோற்றார்கள். இரண்டு நாள் கழித்து ஈஸ்ட் பெங்கால் மினர்வாவை 1–0 என்று வென்று 39-க்கு வந்தது. எல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது.

மார்ச் 9, சனிக்கிழமை மாலை. முறைகேட்டுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகப் பட்டத்தைத் தீர்மானிக்கும் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் கோவையில் சென்னை சிட்டியும் மினர்வாவும். அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும். ஈஸ்ட் பெங்கால் 2004-க்குப் பிறகு தேசிய லீக்கை வென்றிருக்கவில்லை. கொல்கத்தாவின் சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரர்கள் பதினைந்து வருஷம் சுமந்த பசி அது. மினர்வாவோ முந்தைய வருஷச் சாம்பியன், அந்தப் பருவத்தில் சரிந்து கிடந்த அணி. இழக்க ஒன்றும் இல்லாதவர்கள்.

மூன்றாம் நிமிஷத்தில் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டார். கோவை அரங்கம் உறைந்துபோனது.

இடைவேளையில் சென்னை சிட்டி 0–1 என்று பின்தங்கி இருந்தது. ஆனால் கோழிக்கோட்டில் இன்னும் கோலே விழவில்லை. அப்படியே முடிந்தால் இரண்டு அணிக்கும் 40 புள்ளி. சமமானால் இருவரும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது விதி. நவம்பரிலும் ஜனவரியிலும் வாங்கிய அந்த இரண்டு வெற்றி அப்போது வந்து கைகொடுத்திருக்கும். தோற்றுக்கொண்டிருந்த அணி அந்த நிமிஷத்தில் சாம்பியனாகவும் இருந்தது. இந்த வினோதம் லீக்கில் மட்டுமே சாத்தியம். ஆனால் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோலில் வென்றுவிட்டாலும் எல்லாம் போய்விடும். அப்போது சமன் செய்வதுகூடப் போதாது, வென்றே ஆக வேண்டும்.

இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. மான்சி அடித்தார், 1–1. அதன்பின் வந்தவர் யாரும் எதிர்பார்க்காத ஆள்: கௌரவ் போரா, அஸ்ஸாமிலிருந்து வந்த இளம் தடுப்பாட்டக்காரர். பருவம் முழுவதும் பின்னால் நின்று பந்தைத் தடுத்தவர் எதிரணி கோல் முன்னால் போய் 2–1 ஆக்கினார். ஏறக்குறைய அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்க்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு ஒரு கோல் போட்டார். தப்பித்தோம் என்று கோவையில் மூச்சு விட்டிருப்பார்கள். விடவிடாமல் ஈஸ்ட் பெங்கால் முதலில் ஒரு பெனால்டி, பிறகு லால்டன்மாவியா ரால்டேயின் கோல் என்று 2–1-க்குப் போய்விட்டது. கடைசி ஐந்து நிமிஷம், கோவையில் ஒரு கோல் மட்டும் மினர்வா போட்டுவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும் போய் மூன்றாவதை அடித்தார். 3–1. ஒரு தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் அடித்துத் தீர்த்துவைத்த பட்டம்.

சின்னக் கழகம் இப்படி வெல்வது அந்த லீக்கில் அது தொடர்ந்து மூன்றாவது வருஷம். 2017-ல் மிசோரமின் ஐசால் எஃப்.சி. மோகன் பாகானை 37–36 என்று அதே ஒற்றைப் புள்ளியில் முந்தியது. அதற்கு முந்தைய பருவம் கீழே இறக்கப்பட்டு, பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி அது. 2018-ல் மினர்வா. 2019-ல் சென்னை சிட்டி. உலகத்தின் பெரிய லீக்குகளில் பணம் வெல்லும், எப்போதோ ஒருமுறை 2016-ன் லெஸ்டர் சிட்டி போல ஒன்று வாய்க்கும். இங்கே மூன்று லெஸ்டர் வரிசையாக. அதைக் கொண்டாடி, ஊர் ஊராகச் சொல்லி, அந்த லீக்கை வளர்த்திருக்கலாம். நடந்தது வேறு.

அதற்குள் போவதற்குமுன் கடலூர் மாவட்டத்து வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. கோவையில் ஆண்கள் கோப்பையைத் தூக்கிய 74 நாளில், 2019 மே 22 அன்று, பஞ்சாபின் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் கோப்பையும் தமிழ்நாட்டுக்கு வந்தது. மதுரையின் சேது எஃப்.சி. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்றது. ஒரே வருஷத்தில் ஆண், பெண் இரண்டு தேசிய லீக் பட்டமும் ஒரே மாநிலத்துக்கு. இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது கொஞ்சம்தான்.

சேது அணியில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி போன்ற கோல் மெஷின்களோடு ஆடியவர்களில் ஒருவர் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். நடுக்கள ஆட்டக்காரர், இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கடலூரில் பெண்கள் கால்பந்து ஒரு பழக்கமாகவே வேர்பிடித்த கதைக்குப் பின்னால் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன் இருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்த, வசதியற்ற குடும்பத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவருடைய இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி 2018-ல் மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றிலேயே ஆடியது. நெய்வேலியில் பெரிய நிறுவனம் இருக்கிறது, டவுன்ஷிப் இருக்கிறது, விளையாட்டரங்கம் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் ஆலை இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்தின் பெயரை நாட்டின் முதல்நிலை கால்பந்து லீக்கில் எழுதியவர்கள் கையில் பணமில்லாத இந்தப் பெண்கள்தான். 2018 பிப்ரவரி 14 அன்று கட்டாக்கில் தமிழ்நாடு, பெண்கள் கால்பந்தின் கோட்டையான மணிப்பூரை 2–1 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆனபோதும் அந்த அணியில் கடலூரின் பங்கு இருந்தது.

ஆனாலும் பெண்களுக்குக் கிடைத்த ‘பருவம்’ எவ்வளவு? மே 5-ல் தொடங்கி மே 22-ல் முடிந்தது. 12 அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்து, பஞ்சாபின் கோடை வெயிலில் மூன்று வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். சொந்த ஊர் ஆட்டம் என்று ஒன்று கிடையாது. மதுரைக்காரர்கள் மதுரையில் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமலே அவர்களுடைய அணி சாம்பியன் ஆனது. வெற்றி வெற்றிதான், ஆனால் ஆண்களுக்கு ஐந்து மாதமும் பெண்களுக்கு 18 நாளும் கொடுத்துவிட்டு இரண்டையும் லீக் என்று அழைப்பதில் ஒரு கூச்சம் இருக்க வேண்டும். ஊர் மாறி ஊர் ஆடும் முறை மகளிர் லீக்குக்கு வந்தது 2023–24-ல்தான், அதுவும் 7 அணிகளோடு.

சென்னை சிட்டியின் கதைக்குத் திரும்பினால், இறக்கம் ஏற்றத்தைவிட வேகமானது. பட்டம் வென்ற சில வாரத்தில் சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்.சி.யை, சூப்பர் லீக்கின் புதிய சாம்பியனை, 2–1 என்று வீழ்த்தினார்கள். இரண்டு லீக் சாம்பியன்களும் மோதி, ஏழை லீக்கின் சாம்பியன் வென்ற நாள். அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0–3. அக்டோபர் 2019-ல் ஆசியக் கூட்டமைப்பு புதிய வழிவரைபடத்துக்கு ஒப்புதல் தந்தது: இனி சூப்பர் லீக்தான் முதல்நிலை. ஐ-லீக் ஒரு படி கீழே. சென்னை சிட்டி ஏழு மாதம் முன்பு ஏறிய உச்சி, உச்சியாகவே இல்லாமல் போனது.

ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதி ஆட்டம் 2020 ஜனவரி 14 அன்று பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு நடந்தது. அதுவும் கோவையிலோ சென்னையிலோ அல்ல, அகமதாபாத்தில். 0–1 தோல்வி. அதே மாதம் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகதாவுக்குப் போனார். எட்வின் ஏற்கெனவே சென்னையின் எஃப்.சி.க்குப் போயிருந்தார், ரொமாரியோ பிறகு கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருவுக்கு. ஏ.எஃப்.சி. கோப்பையில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியதோடு கொரோனா எல்லாவற்றையும் மூடியது. 2020–21 ஐ-லீக்கை முழுவதுமாகக் கொல்கத்தாப் பக்கம் வைத்துப் பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். 2021–22 பருவம் தொடங்கியபோது அணிப் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. பட்டம் வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

இதற்குப் பணப் பற்றாக்குறை என்று ஒற்றை வரியில் காரணம் சொல்லிவிடலாம். அது போதாது. ஒரு கழகம் விழுந்தாலும் அடுத்த கழகம் மேலே வர வேண்டும் என்றால் கீழே படிக்கட்டு வேண்டும். தமிழ்நாட்டில் கழகங்களுக்கான கால்பந்து என்றால் நீண்ட காலம் சென்னை சீனியர் டிவிஷன் லீக்தான். கடலூரிலோ விழுப்புரத்திலோ தேனியிலோ ஒரு கழகம் தொடங்கினால் மாவட்டம், மாநிலம், தேசம் என்று வென்று வென்று ஏறிப் போகும் பாதை ஒழுங்காக இருந்ததில்லை. சென்னை சிட்டியும் படியேறி வரவில்லை; நேரடி அனுமதியில் வந்தது. பக்கத்துக் கேரளத்தில் மாநில லீக்கும் ஊர்க் கழகங்களும் இருக்கின்றன. கோகுலம் கேரளா 2021-லும் 2022-லும் ஐ-லீக் பட்டத்தை அடுத்தடுத்து வென்றது. அவர்களுடைய பெண்கள் அணி 2022-ல் மகளிர் லீக் பட்டத்துக்காக சேதுவையே 3–1 என்று வென்றது. 2019-ல் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த இரண்டு கோப்பையும் மூன்று வருஷத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஐ-லீக்கை வென்றால் சூப்பர் லீக்குக்கு ஏறலாம் என்ற கதவு 2022–23 பருவத்தில்தான் முதலில் திறந்தது. அதன் வழியாக ஏறிய முதல் அணி பஞ்சாப் எஃப்.சி. 2019 மார்ச் 9-ல் கோவையில் மூன்றாம் நிமிஷத்தில் கோல் போட்டுவிட்டுத் தோற்ற மினர்வாதான் கை மாறி, பெயர் மாறி இன்று அந்தப் பெயரில் இருக்கிறது.